உபகூஹனமும் நம் நகைப்பும்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஐந்தாவது உபகூஹனம். 'பழி மறைத்தல்' என்று பொருள் கூறிச் சிறார்க்குக் கற்பிக்கின்றோம். யாரால் நேர்ந்த பழி என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்லாது விடுகின்றோம். சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதனைத் தெளிவாகவே குறித்துள்ளார். தூய நன்னெறிக்கு அறியாதவராலும் ஆற்றலில்லாதவராலும் நேரும் இழுக்கைத் துடைப்பதே உபகூஹனம். அறியாதவர் எனின், நம்மிடையே புதிதாக வந்தவரும் அவருள் அடங்குவர் அன்றோ?

எங்கள் ஊர் ஜினாலயத்தில் சில ஆண்டுகளுக்கு முன் அபிஷேகம் முடிந்து கந்தோதகம் வழங்கப்பட்டது. வேற்றுச் சமயக் குடும்பத்திலிருந்து மணமாகி வந்த மருமகள் ஒருவர், பிறந்தகத்துப் பழக்கப்படி வலக்கையைக் குவித்து வாங்கி, தீர்த்தம் என்றெண்ணிப் பருகிவிட்டார். நாம் அதனைக் கண்களிலும் சென்னியிலும் ஒற்றிக்கொள்வோமேயன்றிப் பருகுவதில்லை. சுற்றியிருந்தோர் சிரித்தோம். அச்சிரிப்பில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆனால் அது ஆலய வாயிலோடு நிற்கவில்லை. திருமண வீடுகளிலும் தேர்த்திருவிழாவிலும் 'தீர்த்தம் குடித்த மருமகள்' என்பதே அவர் பெயராயிற்று. அவர் அதன்பின் அபிஷேகத்துக்கு வருவதில்லை. கூட்டம் கலைந்தபின் வந்து வணங்கிச் செல்கிறார்.

நமக்குள் கேலியே ஆகாது என்று கூற வரவில்லை. பொழுது சாயுமுன் உண்டு முடிக்க நாம் ஓடும் ஓட்டத்தை நாமே சொல்லிச் சிரிப்பதில் ஓர் உறவின் இனிமை உண்டு. அங்கே சிரிப்பவரும் நாமே, சிரிக்கப்படுபவரும் நாமே. எனினும், நோகஷாயங்கள் ஒன்பதனுள் நகையை முதலில் வைத்த தத்துவார்த்த சூத்திரம், வாய்மை விரதத்தின் பாவனைகள் ஐந்தனுள் நகை துறத்தலையும் சேர்த்துள்ளது. காரணம் எளிது. ஒரு மிடறு பருகியவர் மூன்றாம் ஆண்டுக் கதையில் கிண்ணத்தையே கவிழ்த்துக் குடித்தவர் ஆகிவிட்டார்! நகைச்சுவைக்காகப் பொய் எவ்வளவு இயல்பாக நுழைகிறது!

இவ்வங்கத்தில் சிறந்தவராகச் சொல்லப்படுபவர் ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர். துறவு வேடம் பூண்டு வந்த கள்வன் ஒருவன் அவர் இல்லத்து ஜினாலயத்தின் மணியைக் கவர்ந்தான். காவலர் துரத்தவே, ஓடி வந்து அவரையே சரணடைந்தான். 'என் சொற்படியே இவர் கொண்டு வந்தார்' என்று அவர் ஊரார்முன் கூறினார். நெறிக்கு இழுக்கு வராது காத்தார். பின்னர் தனியே அவனைக் கண்டித்து அனுப்பினார். மறைத்தலும் திருத்தலும் அவரிடம் ஒருசேர இருந்தன. பிழையைக் கண்டும் காணாது விடுதல் உபகூஹனம் ஆகாது. கள்வனுக்கே அத்துணைப் பரிவு காட்டினார் அவர். நாம் இழித்துப் பேசியதோ கைகுவித்து நின்ற ஒரு மருமகளை.

அன்று அருகில் நின்ற ஒருவர், 'கண்ணில் ஒற்றிக்கொள் அம்மா' என்று மெல்லச் சொல்லித் தாம் முதலில் வாங்கிக் காட்டியிருக்கலாம். அவ்வரிசையில் அவருக்கு முன்னே நின்றவர்கள் நாங்கள்தாம். தளர்ந்தவரை நிலைநிறுத்தும் ஸ்திதிகரணம் ஆறாம் அங்கம். அதனை அடுத்த இதழில் விரிப்போம். அதற்குமுன் அவர் இல்லம் சென்று, வரும் அபிஷேகத்துக்கு உடன் அழைத்துவர எண்ணியுள்ளோம்.