இரண்டாந்தரம் வந்த வார்த்தை

அமித்தாயின் குமாரனாகிய யோனா அறிமுகமில்லாத மனிதன் அல்ல. இரண்டாம் யெரொபெயாம் இஸ்ரவேலை ஆண்ட கி.மு. 8ஆம் நூற்றாண்டில், நாட்டின் எல்லைகள் மீண்டும் விரியும் என்று முன்னறிவித்து, அது நிறைவேறவும் கண்டவன் (2 இராஜாக்கள் 14:25). காத்தேப்பேர் அவனுடைய ஊர். பிற்காலத்தில் இயேசு வளர்ந்த நாசரேத்துக்கு அருகிலுள்ள கலிலேயக் கிராமம். சொந்த ஜனத்துக்கு நற்செய்தி சொன்னபோது அவன் எங்கும் ஓடவில்லை. சத்துருவின் பட்டணத்துக்குப் போகும்படி கட்டளை வந்தபோதே ஓடினான்.

ஓட்டத்தின் திசையைக் கவனிக்க வேண்டும். நினிவே வடகிழக்கே, இன்றைய ஈராக்கின் மோசூல் நகருக்கு எதிரே, டைகிரிஸ் நதியின் கீழ்க்கரையில் இருந்தது. காத்தேப்பேரிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலும் 800 கிலோமீட்டருக்கு மேல். யோனாவோ மேற்கே யோப்பா துறைமுகத்துக்குப் போய், தர்ஷீசுக்குப் புறப்படும் கப்பலைத் தேடினான். தர்ஷீஸ் தெற்கு ஸ்பெயினில் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்படியானால் அது யோப்பாவிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு அப்பால். கப்பல் ஆயத்தமாக நின்றது; கையில் கூலிக்குப் பணமும் இருந்தது. வழி எளிதாகத் திறந்துவிட்டால் அது தேவசித்தம் என்று முடிவு செய்கிறவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

மூல எபிரெயத்தில் "இறங்கினான்" என்னும் சொல் அடிக்கடி வருகிறது. யோப்பாவுக்கு இறங்கினான், கப்பலுக்குள் இறங்கினான், கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கினான், இறுதியில் பர்வதங்களின் அடிவாரம் மட்டும் இறங்கினதாக அவனே ஜெபத்தில் சொல்கிறான். தேவசமுகத்தை விட்டு விலகப் புறப்பட்டவன் ஒவ்வொரு படியாகக் கீழே போனானேயன்றி, தேவனுக்கு எட்டாத இடம் ஒன்றையும் அடையவில்லை. புயலில் சீட்டு அவன்மேல் விழ, சமுத்திரத்தையும் பூமியையும் உண்டாக்கின தேவனிடத்தில் பயபக்தியுள்ளவன் என்று தன்னை அறிமுகப்படுத்துகிறான். சமுத்திரத்தை உண்டாக்கினவரிடமிருந்து சமுத்திரத்தின் வழியாகத் தப்பப் பார்த்தவனின் வாயில் வந்த அறிக்கை இது! அவனுடைய தேவனை அறியாத மாலுமிகளோ, அவன் உயிரைக் காப்பாற்றக் கரைசேரும்படி வருந்தித் தண்டு வலித்தார்கள்.

மீனைப் பற்றி நீண்ட பிரசங்கங்கள் உண்டு. ஆனால் 48 வசனங்களுள்ள இப்புத்தகத்தில் மீன் மூன்று வசனங்களில் மட்டுமே வருகிறது. கவனத்துக்குரியது மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கம். கர்த்தருடைய வார்த்தை யோனாவுக்கு இரண்டாந்தரம் வந்தது. முதல் அழைப்பு எந்தச் சொற்களோடு தொடங்கியதோ, அதே சொற்களோடு இதுவும் தொடங்குகிறது. ஓடிப்போனதற்குக் கடிந்துகொள்ளுதல் இல்லை. தகுதி குறைந்துவிட்டது என்று சிறிய ஊருக்கு அனுப்பப்படவும் இல்லை. அதே நினிவே, அதே ஊழியம்.

நினிவேயில் அவன் சொன்ன செய்தி எபிரெயத்தில் ஐந்தே சொற்கள். மனந்திரும்புங்கள் என்ற அழைப்பு அதில் இல்லை. ஆயினும் ராஜா முதல் எளியவர் வரை இரட்டுடுத்தி உபவாசித்தார்கள். மிருகங்களுக்கும் தீனி நிறுத்தப்பட்டது. அந்த உபவாசத்தின் நினைவு நம் தேசத்திலும் உண்டு. கேரளத்தின் சுரியானி சபைகள், பெரிய நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் "மூன்று நோன்பு" அனுசரிக்கின்றன. குறவிலங்காடு மரியாள் ஆலயத்தில் அந்நாட்களில் மரக்கப்பல் ஒன்றைச் சுமந்து, புயலில் அலைவது போல் அசைத்துப் பவனி வருகிறார்கள்.

பட்டணம் தப்பியது, யோனாவுக்கோ கடுங்கோபம். ஓடியதன் உண்மைக் காரணம் நான்காம் அதிகாரத்தில்தான் வெளிப்படுகிறது. அவன் ஓடியது பயத்தினால் அல்ல. தேவன் இரக்கமுள்ளவர், நினிவேயை மன்னித்துவிடுவார் என்று முன்னமே அறிந்திருந்ததே காரணம். அவன் கோபத்தை எளிதாகப் பழித்துவிட முடியாது. அசீரியரின் கொடுமை புனைகதையல்ல. கி.மு. 701இல் இலாகீஸ் பட்டணத்தைப் பிடித்ததையும், சிறைப்பட்டோரை வதைத்ததையும் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் பெருமையாகச் செதுக்கி வைத்தான். அந்தக் கற்கள் இன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதற்கு முன்பே, கி.மு. 722 அளவில், யோனாவின் சொந்த ராஜ்யம் அசீரியரிடம் வீழ்ந்தது. இப்படிப்பட்டவர்களுக்கும் மன்னிப்பா என்பது லேசான கேள்வி அல்ல. குடும்பத்தைச் சிதைத்தவனுக்காக ஜெபிக்கும்படி ஏவப்பட்ட எவரும் அதை அறிவார்கள். ஆனால் மீனின் வயிற்றிலிருந்து வெளிவந்த மனிதன், தான் பெற்ற தருணம் பிறருக்குக் கிடைத்ததற்காகச் சாவதே நலம் என்கிறான்.

தேவன் அவனைத் தள்ளவில்லை; ஓர் ஆமணக்குச் செடி, ஒரு புழு, ஒரு கீழ்காற்று ஆகியவற்றைக் கொண்டு பொறுமையாய்ப் பாடம் நடத்துகிறார். ஒரு ராத்திரியில் முளைத்த செடிக்காக அவன் பரிதபித்தான். இலட்சத்து இருபதினாயிரத்துக்கு அதிகமான மனிதருக்காகத் தேவன் பரிதபிக்கலாகாதோ? கேள்வியோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

அதே யோப்பாவில், நூற்றாண்டுகள் பல கடந்தபின், தோல் பதனிடும் சீமோனின் வீட்டு மேல்மாடியில் மற்றொருவன் ஜெபித்துக்கொண்டிருந்தான். அவனை இயேசு ஒருமுறை யோனாவின் குமாரன் என்று அழைத்திருந்தார் (மத்தேயு 16:17). ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்து, கடற்கரையில் மறுபடியும் அழைக்கப்பட்ட பேதுரு அவன். புறஜாதியானாகிய, அதுவும் ரோமச் சேனையின் நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குப் போகும்படி அவனுக்கும் கட்டளை வந்தது. அவனும் தயங்கினான், தரிசனம் மூன்று தரம் வரவேண்டியிருந்தது. துறைமுகம் அருகிலேயே இருந்தது. மறுநாள் அவன், தன்னை அழைக்க வந்தவர்களோடு செசரியாவுக்குப் புறப்பட்டான்.