வரைபடமும் வாய்மொழியும்: எண்ணூர்க் கழிமுகத்தை முன்வைத்து வடசென்னை வட்டார வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சென்னை நகர வரலாறு பெரிதும் கோட்டையையும் அதன் ஆவணங்களையும் மையமிட்டு எழுதப்பட்டுள்ளது. வடசென்னை மீனவக் குடியிருப்புகளில் வழங்கும் ஊர்ப்பெயர்கள், தொழில்முறைகள், நீர்நிலை பற்றிய அறிவு ஆகியன அவ்வரலாற்றில் சான்றுக்குரிய தகுதியை எளிதில் பெறுவதில்லை. எண்ணூர்க் கழிமுக வரைபடச் சிக்கலை முன்வைத்து, அவ்வறிவு வரலாற்றுச் சான்றாக ஏற்கத்தக்கது என்பதையும் அதனை ஏற்பதற்குரிய நெறியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வடசென்னை, எண்ணூர், கொசஸ்தலையாறு, வட்டார வரலாறு, வாய்மொழி வழக்காறு, ஊர்ப்பெயராய்வு.

முன்னுரை

கிழக்கிந்தியக் குழுமத்தார் நிலம் பெற்ற நாளாகக் கொள்ளப்படும் 1639 ஆகஸ்டு 22, சென்னையின் பிறந்தநாளாக 2004 முதல் ஆண்டுதோறும் கொண்டாடப்பெறுகிறது. நகரின் கடந்த காலத்தைப் பொதுமக்களே தேடிப் பகிரும் வழக்கத்தை இந்நிகழ்வு வளர்த்தது. எனினும், இத்தொடக்கப் புள்ளி வடசென்னைக்குப் பொருந்துவதில்லை. திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகள் பல்லவர் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. அங்கு வியாகரணம் கற்பிப்பதற்கென ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன. இராயபுரத்தின் பெயர், பேதுருவைக் குறிக்கும் ‘இராயப்பர்’ என்னும் தமிழ் வழக்கிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். அங்கு 1856இல் திறக்கப்பட்ட தொடர்வண்டி நிலையம் இன்றும் நிற்கிறது. ஆகவே, கோயில், தேவாலயம், நிலையம் ஆகியவற்றைக் கொண்டு வடசென்னை வரலாற்றின் ஒரு பகுதியை எழுதிவிடலாம். கல்லிலும் கட்டடத்திலும் பதிவாகாத மக்களின் வரலாற்றை எதனைக் கொண்டு எழுதுவது என்பதே இங்கு எழும் வினா.

ஊர்ப்பெயரும் தொழில்முறையும்

எண்ணூர்ப் பகுதிக் குடியிருப்புகளின் பெயர்கள் இவ்வினாவுக்கு ஒரு தொடக்க விடையைத் தருகின்றன. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் ஆகிய பெயர்களில் முறையே ஆறு கடலோடு கூடும் இடமும், தாழையும், காடும் பெயர்க்கூறுகளாக அமைந்துள்ளன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும் வடசென்னை அனல்மின் நிலையம் 1994இலும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. இவற்றுக்கு முந்தைய நிலத்தோற்றத்தை இப்பெயர்கள் சுட்டக்கூடும்.

பெயரைப் போலவே தொழில்முறையும் சான்றாகிறது. அண்மையிலுள்ள பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை வழங்குகிறது. மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எவ்விடத்தில், எப்பருவத்தில், எவ்வூரார்க்கு உரிமை என்பது அதனால் தலைமுறைதோறும் நினைவில் காக்கப்படுகிறது. எழுதப்படாவிடினும் அது வரையறுக்கப்பட்ட உரிமைப் பதிவேயாகும். எண்ணூர் உவர்நீர்ப் பரப்பில் வலையின்றிக் கையால் இறால் பிடிக்கும் இருளர்க்கும் நீரின் ஆழம், சேற்றின் தன்மை, ஓதத்தின் ஏற்றவற்றம் ஆகியவை பற்றிய அறிவே தொழிலின் அடிப்படை.

வரைபடச் சிக்கல்

1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்கீழ் உருவாக்கப்பட்ட தமிழகக் கடலோர வரைபடம் 1996இல் நடுவண் அரசின் ஒப்புதல் பெற்றது. எண்ணூர்க் கழிமுகத்தைச் சார்ந்த ஏறத்தாழ 6,500 ஏக்கர் பரப்பு அதில் கட்டுமானங்களுக்கு இடமளிக்காத பாதுகாப்புப் பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. பிற்காலத்து மற்றொரு வரைபடத்தில் அக்கழிமுகம் நீர்நிலையாக இடம்பெறவில்லை என்பதை, தகவலறியும் உரிமைச் சட்டத்தின்வழிப் பெற்ற ஆவணங்களைக் கொண்டு மீனவர்களும் சூழலியலாளர்களும் 2017இல் வெளிப்படுத்தினர். நாள்தோறும் படகு செல்லும் நீர்ப்பரப்பு தாளில் இல்லாமற்போயிற்று.

இங்குச் சான்றுகளின் வழக்கமான வரிசை தலைகீழாகிறது. வாய்மொழியை ஆவணத்தால் சரிபார்ப்பதே ஆய்வு மரபு. எண்ணூரிலோ ஆவணத்தின் பிழையை மக்களின் அன்றாட அறிவு சுட்டியது. 1996ஆம் ஆண்டின் மூத்த ஆவணம் அவ்வறிவை உறுதிப்படுத்தியது. எனவே வாய்மொழி மட்டுமே போதும் என்றோ ஆவணம் மட்டுமே மெய் என்றோ முடிவு கொள்ள இயலாது. இரண்டையும் களத்தில் வைத்து ஒப்பிடுவதே ஏற்ற நெறி.

ஆவணத்தின் ஒரு சொல் ஓர் ஊரின் நிலையை மாற்றும் என்பதை இவ்வட்டாரத் தலபுராண மரபும் அறிந்திருந்தது. அரசன் எல்லாத் தலங்களுக்கும் பொதுவாக விடுத்த ஆணையோலையில், திருவொற்றியூருக்கு மட்டும் விலக்களிக்கும் தொடரை இறைவனே வரிகளுக்கிடையில் எழுதினான் என்பது அம்மரபு. அதனால் அவ்விறைவன் ‘எழுத்தறியும் பெருமான்’ எனப் பெயர் பெற்றான். பெரியபுராணமும் இச்செய்தியைச் சுட்டுகிறது. புராணத்தில் ஒரு தொடரின் சேர்க்கை ஊரைக் காத்தது. எண்ணூரில் ஒரு நீர்ப்பரப்பின் நீக்கம் மக்களின் வாழ்வாதாரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

ஆய்வாளர் கடமை

2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்கள், அவர்தம் பொது நிலங்கள், மீன் உலர்த்தும் இடங்கள் ஆகியன வரைபடத்தில் குறிக்கப்பெற வேண்டும் என்றது. இதனால் ஒரு திட்டு அல்லது ஓடையின் பெயர் மொழியியல் தரவாக மட்டுமன்றி, உரிமைக்கான சான்றாகவும் ஆகிறது. அதனைத் தொகுப்போர் கூறியவரின் இசைவு, கூறிய நாள், சுட்டப்பட்ட இடத்தின் சரியான அமைவு ஆகியவற்றைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. ஒரே இடத்திற்கு இரு ஊரார் வழங்கும் வேறு பெயர்களை ஒன்றாக்காமல் இரண்டையும் காத்தல் வேண்டும். தொகுப்பின் படி ஊராரிடமும் இருத்தல் வேண்டும். இல்லையேல் மக்களின் அறிவு மீண்டும் அவர்கள் கைக்கு எட்டாத ஆவணமாகிவிடும்.

முடிவுரை

அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கொசஸ்தலையாற்றின் படுகை மேடுறுகிறது. ஆழத்தையும் ஓட்டத்தையும் குறித்த சொற்கள், அவை சுட்டிய இடங்கள் மறையும்போது வழக்கிழக்கின்றன. பழைய ஆற்றை அறிந்த தலைமுறை உள்ளபோதே அச்சொற்களைத் தொகுத்தல் தமிழியல் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. வடசென்னை வட்டார வரலாறு பழம்பெருமை பேசும் முயற்சியாக நின்றுவிடாமல், இருக்கும் ஒன்றை இருப்பதாக நிறுவும் சான்றியலாக வளர இத்தொகுப்பு வழிவகுக்கும்.