பழைய பிக்கப் வண்டியில் டீசல் செலவைக் குறைத்தல்

மாத்தளை மாவட்டத்து மரக்கறிக் கமக்காரருக்குப் பிக்கப் வண்டியும் மண்வெட்டியைப் போன்றதொரு கருவியே. கலேவெல, நாவுல ஆகிய பகுதிகளில் விளையும் வெங்காயமும் கத்தரியும் பூசணியும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை அடைந்த பின்னரே பெரும்பாலும் பணமாகின்றன. 2022 ஆம் ஆண்டு யூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்தது. அடுத்த மாதம் கிழமைப் பங்கீடும் வந்தது. வண்டி குடிக்கும் எண்ணெயைக் குறைக்க எல்லோரும் வழி தேடினர்.

அப்பொழுது சிலர் கண்ட வழி, டீசலுடன் மண்ணெண்ணெய் கலப்பதாகும். மண்ணெண்ணெய் அவ்வருடம் ஓகஸ்ட் வரை லீற்றர் 87 ரூபாவாக இருந்து, பின்னர் 340 ரூபாவாயிற்று. மலிவான காலத்திலும் அது இலாபமன்று. பழைய ஜப்பானியப் பிக்கப்புகள் பலவற்றின் டீசல் பம்புக்கு வேறு மசகு கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதற்கு மசகாகும். மண்ணெண்ணெயில் அவ்வழுவழுப்புக் குறைவாதலால் பம்பு விரைவில் தேயும். எண்ணெய்க் குழாயில் கட்டும் காந்தம் முதலியவற்றையும் நம்பவேண்டியதில்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்தது. அவற்றுள் மிகச் சிலவே சொற்பப் பயனேனும் தந்தன.

உண்மையில் பழைய வண்டிக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, அதிலிருந்து கழற்றப்பட்டதை மீண்டும் பூட்டுவதே பெரும்பாலும் நற்பயன் தரும். எஞ்சின் சூடாகிறதென்று முறையிட்டால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் கராஜ்களில் உண்டு. அவ்வால்வு இல்லாத எஞ்சின், விடியுமுன் சந்தைக்குப் புறப்படும் வண்டியில், நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். விரைவில் தேயவும் செய்யும். சூட்டுக்குக் காரணம் அடைபட்ட ரேடியேற்றராயின், அதனையே கழுவவேண்டும்.

சுமையோடு ஏறும்போது கரும்புகை வந்தால், எரியாத டீசல் வெளியேறுகின்றது என்பது பொருள். முதலில் காற்று வடிகட்டியைப் பார்க்கவேண்டும். வயற்பாதைப் புழுதி அதனை விரைவில் அடைக்கும். வடிகட்டி சுத்தமாயிருந்தும் புகை நில்லாவிடின், இன்ஜெக்டர்களைச் சோதனைக்குக் கொடுத்தல் நன்று. சமதரையில் வெறும் வண்டியைத் தள்ளும்போது அது உருள மறுத்தால், பிரேக்குப் பிடித்திருக்கக்கூடும். டயர்க் காற்றைப் பயணத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கையிலேயே அளக்கவேண்டும். தயாரிப்பாளர் குறித்த அளவைச் சுமைக்கேற்பக் கடைப்பிடித்தல் வேண்டும்.

பயன்படாத மேற்கூரைச் சட்டத்தைக் கழற்றலாம். மூட்டைகளை ஓட்டுநர் அறையின் உயரத்துக்கு மேல் அடுக்காமல், படங்கினை இழுத்துக் கட்டினால் காற்றுத் தடை குறையும். வேகம் இருமடங்கானால் இத்தடை நான்கு மடங்காகும். ஆகவே மெதுவாகச் செல்வது எவ்வகை மாற்றத்தையும்விட மலிவானது.

இறக்கத்தில் கியரை விலக்கி வண்டியை உருளவிடுவோர் பலர். ரத்தோட்டைப் பக்கத்து இறக்கங்களில் இது உயிருக்கே ஆபத்தாகும்: பிரேக்கு அளவுகடந்து சூடேறி வலுவிழக்கும்; எஞ்சினையும் நிறுத்தினால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் அற்றுப்போகும். இதில் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும் வண்டியில் வேகமிதியை விட்டவுடன் பம்பு டீசலை நிறுத்திவிடும். கியர் விலக்கப்பட்ட எஞ்சினோ சும்மா சுழலுவதற்கும் டீசல் குடிக்கும்.

செய்த மாற்றம் பயன்பட்டதா என்பதை அளந்தே அறிதல் வேண்டும். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போய்வர ஏறக்குறைய 90 கிலோமீற்றர். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 10 லீற்றர் செல்லும். அதே வண்டி 10 கிலோமீற்றர் ஓடுமாயின் 9 லீற்றர் போதும். தாங்கியை நிரப்பி ஓட்டமானியைக் குறித்துக்கொண்டு, ஒரு கிழமை ஓடியபின் மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லீற்றரால் வகுக்க விடை கிடைக்கும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இவ்வாறு அளக்கையில், பாதையும் சுமையும் ஏறத்தாழ ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நிரப்பு நிலையத்தில், அதே மட்டத்துக்கு நிரப்புதல் வேண்டும்.