வண்டிக்கு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தால்



சென்ற மாதம் இருக்கன்குடியில் நடந்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வரவு எழுதி முடித்ததும், ஓர் உறுப்பினர் மெதுவாக ஒரு கடிதத்தை நீட்டினார். "கம்பெனிக்காரன் வண்டியைத் திரும்பக் கேக்கிறானாம். இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கு, தூக்கிட்டுப் போயிருவானோ?" என்று கண் கலங்கினார். பதினைந்து நாளாக அதை வீட்டில் யாருக்கும் காட்டாமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம். வண்டியை மட்டும் தினமும் சாத்தூருக்கும் பட்டாசு ஆலைக்கும் ஓட்டியிருக்கிறார்.

வாங்கிப் படித்தோம். பிரேக்கில் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம், கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றுதான் இருந்தது. பயப்பட வேண்டியது கடிதத்துக்கு அல்ல, அந்தப் பிரேக்குக்கு!

பத்திரிகைகளில் 'வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது' என்று போடுவதால் வரும் குழப்பம் இது. ரீகால் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளில் ஒரே மாதிரி குறை தெரிந்தால், அத்தனையையும் கூப்பிட்டுச் சரிசெய்வது. வண்டி நம்முடையதுதான், வேலை முடிந்ததும் ஓட்டி வந்துவிடலாம்.

நாம் ஓட்டும் ஸ்கூட்டர்களிலேயே இது நடந்திருக்கிறது. 2018-ல் பிப்ரவரி 7 முதல் மார்ச் 16 வரை தயாரான ஆக்டிவா 125, ஏவியேட்டர், கிராசியா வண்டிகள் 56,194-ஐ ஹோண்டா கம்பெனி அழைத்தது. முன் ஃபோர்க்கில் உள்ள போல்ட்டில் சந்தேகம். 2024 பிப்ரவரியில் யமஹா, ரே இசட்ஆர் 125, ஃபசினோ 125 ஹைபிரிட் ஸ்கூட்டர்கள் சுமார் 3 லட்சத்தை பிரேக் லிவருக்காக அழைத்தது. இரண்டிலும் செலவு கம்பெனியுடையது.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் ஒகினாவா கம்பெனி தனது பிரெய்ஸ் புரோ ஸ்கூட்டர்கள் 3,215-ஐ பேட்டரி இணைப்புகளைச் சோதிக்க அழைத்தது. தீ என்றால் என்னவென்று நம்ம பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முன்பு இதெல்லாம் கம்பெனிகள் தாமாக முன்வந்து செய்ததுதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் வந்தன. இப்போது ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசே ரீகால் செய்ய உத்தரவிடலாம், அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகும்.

இனி நாம் செய்ய வேண்டியது. ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர் என்று 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, "இந்த வண்டிக்கு ரீகால் இருக்கா?" என்று கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். கம்பெனியின் இணையதளத்திலும் பார்க்கலாம், படிக்கிற பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். வாரண்டி முடிந்திருந்தாலும், இலவச சர்வீஸ் கூப்பன் தீர்ந்திருந்தாலும் ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. நம் உறுப்பினரிடம் முதலில், "பார்ட்ஸ் இலவசம், லேபர் கட்டணும்" என்றார்களாம். கூடப் போன ஊக்குநர் கடிதத்தை மேசையில் விரித்து, "இதுல அப்படி எழுதலையே" என்றதும் பேச்சு மாறியது. தனியாகப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதற்குத்தான். வேலை முடிந்ததும் ஜாப் கார்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் காசு கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.

பழைய வண்டி வாங்கியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பெயர் மாற்றாமல் ஓட்டினால் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் போகும். அவர் ஏன் நமக்குச் சொல்லப் போகிறார்? ஆனால் ரீகால் வண்டிக்கு உரியது, யார் கையில் இருந்தாலும் செய்து தர வேண்டும். குழுக் கடனில் பழைய ஸ்கூட்டர் வாங்கியவர்கள் பெயர் மாற்றத்தோடு செல்போன் எண்ணையும் சரியாகப் பதிந்துவிடுங்கள்.

(ஆடி கடைசி வெள்ளிக்கு ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் கோயிலுக்கு வருவதை எந்தக் கம்பெனியாலும் சரிசெய்ய முடியாது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

அடுத்த கூட்டத்துக்குப் பாஸ் புத்தகத்தோடு ஆர்.சி.யையும் எடுத்து வாருங்கள். எண்களை ஒரே தாளில் எழுதி, சாத்தூர் போகிறவர்களிடம் கொடுத்து விசாரித்து வருவோம்.