அப்டேட் போட்டதும் போன் செத்துப்போச்சா?

"ராத்திரி அப்டேட் கேட்டுச்சு, சரின்னு ஓகே கொடுத்தேன். காலைல பார்த்தா கம்பெனி பேரு வருது, போகுது, வருது, போகுது. அதுக்கு மேல நகர மாட்டேங்குது." செல்போன் ரிப்பேர் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். கடைக்காரர் போனைக் கையில் வாங்குவதற்குள் பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி முடித்திருப்பார்கள். அவற்றில் சில பலிக்கும். சில, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களிலிருந்து அப்பாவின் கடைசி வாய்ஸ் மெசேஜ் வரை எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் துடைத்துவிடும்.

போனைப் பிழைக்க வைப்பது ஒரு வேலை, போனுக்குள் இருப்பதைப் பிழைக்க வைப்பது வேறு வேலை. முதல் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். இரண்டாவது, பதற்றத்தில் நாம் எதை அழுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் கீழே உள்ள நம்பிக்கைகளில் பாதி பிறக்கின்றன.

நம்பிக்கை: லோகோவிலேயே நின்றால் போன் போய்விட்டது.

பல நேரம் போன் வேலை செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு முதல் முறை எழும்போது உள்ளே நிறைய ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 5, 6 காலத்துப் போன்கள் "இத்தனை ஆப்களில் இத்தனையாவது" என்று எண்ணிக்கை காட்டிக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். இப்போது எண்ணிக்கை காட்டுவதில்லை, நேரமும் குறைந்துவிட்டது. ஆனாலும் பழைய போனுக்கு அரை மணி நேரம் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. திரையே வராவிட்டால் முதலில் நல்ல சார்ஜரில் அரை மணி நேரம் போடுங்கள். அடியோடு சார்ஜ் இறங்கிய போனும் செத்த போனும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

பிறகு வலுக்கட்டாயமாக ரீஸ்டார்ட் செய்வது. சாம்சங்கில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்துப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். கூகுளின் பிக்சலில் பவர் பொத்தானை மட்டும் முப்பது விநாடி வரை. ஐபோன் 8 முதல் வந்தவற்றில் ஒலி கூட்டும் பொத்தானைத் தட்டி விட்டு, ஒலி குறைக்கும் பொத்தானைத் தட்டி விட்டு, பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். இதனால் எந்தத் தகவலும் அழியாது.

நம்பிக்கை: அப்டேட் பாதியில் நின்றால் பழைய சாஃப்ட்வேரும் போய்விடும்.

ஒரு காலத்தில் உண்மை. 2016-இல் ஆண்ட்ராய்டு 7 வந்தபோது கூகுள் வேறு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிஸ்டத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடங்கள். நீங்கள் ஏ-யில் போனைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதியது பி-யில் ஏறும். குடியிருக்கும் வீட்டை இடிக்காமல் பக்கத்து மனையில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுவது போல. புதிய இடத்திலிருந்து சில முறை முயன்றும் எழ முடியாவிட்டால் போன் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். எல்லாக் கம்பெனியும் உடனே இதற்கு மாறவில்லை. சாம்சங் 2024-இல் கேலக்ஸி ஏ55 மாடலில்தான் தொடங்கியது.

ஆனால் இரட்டை இடம் சிஸ்டத்துக்கு மட்டும்தான். உங்கள் படங்களும் ஆப்களும் இருக்கும் பகுதி ஒன்றே ஒன்று. கோளாறு அங்கே இருந்தால் எந்த இடத்துக்குத் திரும்பியும் பயனில்லை. 2024 அக்டோபரில் சாம்சங்கின் எஸ்10, நோட்10 வரிசைப் போன்கள் பல இப்படித்தான் ரீஸ்டார்ட் சுழலில் மாட்டின. அப்போது வந்தது சிஸ்டம் அப்டேட்கூட இல்லை. ஸ்மார்ட்திங்ஸ் ஃபிரேம்வொர்க் என்ற ஆப் பின்னணியில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, அவ்வளவுதான். யாரும் எதற்கும் ஓகே கொடுக்கவில்லை.

நம்பிக்கை: "ஃபேக்டரி ரீசெட் செய்" என்று போனே கேட்டால் செய்துவிட வேண்டியதுதான்.

அதிகம் பேர் தகவலைப் பறிகொடுப்பது இங்கேதான்.

ஆண்ட்ராய்டு 8-இலிருந்து சிஸ்டத்துக்குள் ஒரு தற்காப்பு ஏற்பாடு உண்டு. போன் திரும்பத் திரும்ப விழுந்தால் அது சில அமைப்புகளைப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்க்கும். எதுவும் பலிக்காவிட்டால் ரெக்கவரி திரைக்குக் கொண்டுபோய், தகவல் சிதைந்திருக்கலாம் என்று சொல்லி இரண்டு வரிகளைக் காட்டும். மேலே "ட்ரை அகெய்ன்". கீழே "ஃபேக்டரி டேட்டா ரீசெட்". இந்தத் திரைக்குத் தெரிந்ததெல்லாம் போனை எழுப்புவது மட்டும்தான். உங்கள் படங்களைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, பிக்சல் 6 முதல் வந்த போன்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் சேமிப்பையே திறக்க முடியாமல் போனது. சிலருடைய போன்கள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆயின. ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லும் செய்தி சிலருக்கு வந்தது. அந்தச் செய்தியை ஏற்றுக்கொண்டால் தகவல் போய்விடக்கூடும் என்று கூகுளே எச்சரித்தது. நவம்பரில் திருத்தம் வந்தபோது, ரீசெட் அடிக்காமல் காத்திருந்தவர்களில் பலருக்குப் படங்கள் திரும்பக் கிடைத்தன. முதல் நாளே "சரி" என்று அழுத்தியவர்களுக்கு அந்தத் திருத்தத்தால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே முதலில் "ட்ரை அகெய்ன்", ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு சேஃப் மோட்: போன் எழும்போது லோகோ அசையத் தொடங்கியதும் ஒலி குறைக்கும் பொத்தானைப் பிடித்துக்கொள்வது. நீங்கள் பிறகு போட்டுக்கொண்ட ஆப்கள் எதுவும் ஓடாமல் போன் எழும். எழுந்துவிட்டால் மற்ற வேலையை விட்டுவிட்டுப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். கடைசியாகப் போட்ட ஆப்பை அதன் பிறகு நீக்கலாம்.

ரெக்கவரி மெனுவை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். கறுப்புத் திரை, சின்னச் சின்ன வரிகள், தொட்டால் அசையாது. ஒலிப் பொத்தான்களால் மேலும் கீழும் நகர்ந்து பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். "வைப் டேட்டா" என்று ஒரு வரி, அதற்கு அடுத்தாற்போலவே "வைப் கேஷ் பார்ட்டிஷன்" என்று இன்னொரு வரி. முதலாவது எல்லாவற்றையும் அழிக்கும். இரண்டாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும், படத்தில் கை வைக்காது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் யாரோ, நடுங்கும் விரலோடு அந்தத் திரையைப் பார்த்தவராக இருக்க முடியாது. சாம்சங் போன்களில் "ரிப்பேர் ஆப்ஸ்" என்றும் ஒரு வரி உண்டு. அதுவும் தகவலை அழிக்காத வழிதான். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு பல சாம்சங் போன்களில் இந்த மெனுவுக்குள் நுழையவே, போனைக் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்க வேண்டும். பொத்தான்களை எவ்வளவு நேரம் அழுத்தியும் வரவில்லை என்று கைவிடுபவர்கள் பலருக்கு இது தெரியாது.

நம்பிக்கை: போன் போனால் என்ன, கடையில் மெமரி ஐசியைக் கழற்றிப் படங்களை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஒரு காலத்தில் எடுத்தார்கள். ஆண்ட்ராய்டு 10-உடன் அல்லது அதற்குப் பிறகு வெளிவந்த எல்லாப் போன்களிலும் சேமிப்பு கட்டாயமாகப் பூட்டு மொழியில்தான் இருக்கிறது. ஐபோனில் அதற்கு முன்பிருந்தே. அந்தப் பூட்டின் சாவி, உங்கள் பின் எண்ணும் ப்ராசசருக்குள் புதைந்திருக்கும் ரகசியமும் சேர்ந்தால்தான் உருவாகும். ஐசியை மட்டும் கழற்றி வேறு கருவியில் வைத்தால் கிடைப்பது அர்த்தமற்ற எண்குவியல். கம்ப்யூட்டரில் செருகி காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதும் இதே கதைதான். போன் எழுந்து, பூட்டு திறந்த பிறகுதான் கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியும். ரீசெட் செய்த போனிலிருந்து படங்களை மீட்டுத் தருவதாகக் காசு கேட்கும் மென்பொருள்கள் இணையத்தில் நிறைய. இந்தக் காலத்துப் போனில் அந்தக் காசு தண்டம்.

போர்டில் ஒரு சின்ன உதிரி பழுதாகி, அதை மாற்றினால் அதே ப்ராசசரோடு போன் எழுந்துவிடும் என்றால் விஷயம் வேறு. அப்போது தகவலும் திரும்பும். நல்ல மெக்கானிக் ஐசியைக் கழற்றப் பார்க்க மாட்டார், போர்டை எழுப்பத்தான் பார்ப்பார்.

நம்பிக்கை: பழைய வெர்ஷனை ஏற்றினால் சரியாகிவிடும்.

"சாஃப்ட்வேர் ஏத்தணும்" என்பது கடைகளில் கேட்கும் முதல் வாக்கியம். ஏற்றலாம். எதை ஏற்றுவது, தகவல் மிஞ்சுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பல போன்களில் பின்னோக்கிப் போகும் வழி அடைக்கப்பட்டிருக்கும். 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசையில் கூகுள் அப்படி அடைத்தது. ஐபோனில், ஆப்பிள் பழைய வெர்ஷனுக்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டால் அதை ஏற்றவே முடியாது. போனை எழுப்பும் அடிப்படை நிரலான பூட்லோடரைத் திறந்து எதையாவது போடலாம் என்று யாராவது சொன்னால், திறக்கும் அந்த நொடியிலேயே தகவல் முழுவதும் அழியும்படிதான் பொதுவாகப் போனை வடிவமைத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஐபோனில் ஒரு நல்ல வழி இருக்கிறது. ரெக்கவரி மோடில் கம்ப்யூட்டரோடு இணைத்தால் "அப்டேட்", "ரிஸ்டோர்" என்று இரண்டு தேர்வுகள் வரும். "அப்டேட்" கொடுத்தால் தகவலைத் தொடாமல் சிஸ்டத்தை மட்டும் மறுபடி ஏற்றப் பார்க்கும். பதிவிறக்கம் பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் போன் அந்த நிலையிலிருந்து வெளியேறிவிடும். நம்மூர் நெட் வேகத்தில் இது அடிக்கடி நடக்கும். பதிவிறக்கம் முடியட்டும், பொத்தான்களை மறுபடி அழுத்தி உள்ளே போங்கள். அவசரப்பட்டு "ரிஸ்டோர்" கொடுக்க வேண்டாம்.

தவறான ஃபைலை ஏற்றி, போனின் அடையாளமான ஐஎம்இஐ எண் காணாமல் போவதும் உண்டு. வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்று கடையில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதிகாரமில்லாமல் அந்த எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை வாங்கித் தரக்கூடிய குற்றம். ஆண்ட்ராய்டை ரீசெட் செய்த பிறகு பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், இது ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்தே உள்ள திருட்டுத் தடுப்பு. பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தால் ரீசெட்டுக்கு முன்பே மீட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: போனைக் கொன்றது அப்டேட்தான்.

நெக்ஸஸ் 5எக்ஸ் போனை நினைவிருக்கிறதா? கூகுளுக்காக எல்ஜி செய்து 2015-இல் வந்தது. அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 7 ஏற்றியவர்கள் பலருக்கு லோகோ சுழல். எல்லோரும் அப்டேட்டைத் திட்டினார்கள். கூகுள் அதை ஹார்டுவேர் கோளாறு என்றது. தப்பித்துக்கொள்ளச் சொல்லும் சாக்கு என்றே பலர் நினைத்தார்கள். பிறகு நடந்தது சுவையானது. அந்தப் போனின் ப்ராசசரில் ஆறு கோர்கள், இரண்டு வலுவானவை, நான்கு சிறியவை. வலுவான இரண்டையும் அணைத்துவிட்டு நான்கை மட்டும் ஓட்டும்படி ஆர்வலர்கள் சாஃப்ட்வேரைத் திருத்திக் கொடுத்தார்கள். செத்த போன்கள் எழுந்து, மெதுவாக ஓடின. ஃபிரீசரில் வைத்து எடுத்துக் கொஞ்ச நேரம் உயிர் பெற வைத்தவர்களும் உண்டு. அதே எல்ஜியின் ஜி4 போனில் உதிரிகளுக்கிடையே இணைப்பு தளர்வதால்தான் இந்தச் சுழல் வருகிறது என்று 2016 ஜனவரியில் கம்பெனியே ஒப்புக்கொண்டிருந்தது.

அப்டேட் நேரத்தில் ப்ராசசர் கடுமையாக உழைக்கிறது, சூடேறுகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது. போர்டில் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும் பற்றவைப்பு அன்றைக்கு விட்டுக்கொடுத்தால் பழி அப்டேட் மேல் விழும். மூன்று வருடப் போன், கீழே விழுந்த போன், அடிக்கடி கொதிக்கும் போன் என்றால் இந்தச் சந்தேகமும் இருக்கட்டும்.

நம்பிக்கை: அதனால் அப்டேட்டே போடக்கூடாது.

யுபிஐ-யும் வங்கி ஆப்பும் இருக்கும் போனில் பாதுகாப்பு ஓட்டைகளைத் திறந்து வைப்பதற்குச் சமம். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை உடனே போடுங்கள். பெரிய வெர்ஷன் மாற்றத்துக்கு ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். கம்பெனிகளும் முதலில் கொஞ்சம் பேருக்குத்தான் அனுப்பிப் பார்க்கின்றன, அந்த முதல் வரிசையில் நாம் நிற்க வேண்டியதில்லை. போடுவதற்கு முன் பேக்கப் எடுங்கள். வாட்ஸ்அப் இரவில் எடுத்து வைக்கும் பேக்கப் போனுக்குள்ளேயேதான் இருக்கிறது. ரீசெட் ஆனால் அதுவும் போகும். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

நம்பிக்கை: வாரன்ட்டி முடிந்துவிட்டால் செலவு நம் தலையில்தான்.

எப்போதும் இல்லை. 2020-இன் கடைசி நாளில் ஷாவ்மி, எம்ஐ ஏ3 போனுக்கு ஆண்ட்ராய்டு 11 அனுப்பியது. ஏற்றிய போன்கள் பல இந்தியாவில் எழவே இல்லை. கம்பெனி அனுப்புவதை நிறுத்தி, வாரன்ட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்வீஸ் சென்டரில் சரிசெய்து தருவதாக அறிவித்தது. ஆப்பிளின் "எரர் 53" விவகாரம் இதைவிடப் பெரிது. வெளிக்கடையில் கைரேகைப் பொத்தானை மாற்றிய ஐபோன்கள் அப்டேட் போட்டதும் முடங்கின. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. வெளியில் ரிப்பேர் பார்த்ததால் உங்களுக்கு உரிமையில்லை என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

சர்வீஸ் சென்டரில் "போர்டு மாத்தணும், பத்தாயிரம் ஆகும்" என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். அப்டேட் போட்ட தேதி, வெர்ஷன் எண், திரையில் தெரிவதன் படம் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுத்து ஜாப் ஷீட் வாங்குங்கள். ரீசெட் செய்யச் சம்மதமா இல்லையா என்பதை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தாலும், ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது.