வீட்டுக் குளமும் மழலையும்

நாம் பயிலும் இவ்வங்காளத்தில் சிற்றூர் வீடுகளின் பின்புறம் குளம் இருப்பது இயல்பு. சுந்தரவனப் பகுதியில் மழலைகள் பலர் இக்குளங்களில் மூழ்கி இறக்கின்றனர். ஆழமில்லையேல் அச்சமில்லை என்பது தவறு. ஈராண்டுக் குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பாரம், குனிந்தால் குப்புற விழும், எழ இயலாது. நீருள் மூழ்கிய வாய் கூவவும் மாட்டாது. எனவே அரையடி நீரும் ஆபத்தே.

செய்யத்தக்கது யாது? நான்கடி உயரத்தில் மூங்கில் வேலி இடுக. கழிகள் நெட்டாக நிற்கட்டும். இடைவெளி நான்கு அங்குலத்திற்குள் அமையட்டும். குறுக்குக் கழி குளத்துப் பக்கமே இருத்தல் வேண்டும். வெளிப்புறம் இருப்பின் அதுவே ஏணியாகும். கதவுத் தூணை எதிர்த்தூணை நோக்கிச் சற்றே சாய்த்து நட்டால், கதவு தன் எடையாலேயே சாத்திக்கொள்ளும்.

தாய் அடுக்களையில் இருக்கும்போது குழந்தையைக் காக்கவென்றே ஒருவர் வேண்டும். வேலி கண்ணுக்குத் துணை, ஈடன்று.