லூசியா ஹாரிஸும் எங்கள் ஒன்பதாம் வகுப்பும்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி புதிதாகச் சேர்ந்தாள். வகுப்பிலேயே உயரமானவள். குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவளைப் பார்த்த மகிழ்ச்சியில், "இவ்வளவு உயரமா இருக்கியே, கூடைப்பந்துக்கு வாம்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பின்வரிசையிலிருந்து "பனைமரம்" என்று ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. மறுவாரத்திலிருந்து விளையாட்டுப் பாடவேளை வந்தாலே அவளுக்கு வயிற்றுவலி. வேப்பமரத்தடியில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கேலி செய்த மாணவனைக் கண்டித்தேன். ஆனால் அந்தக் கேலிக்கு வழி திறந்துவிட்டது என்னுடைய வார்த்தைதான் என்பது வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அவளைத் தனியே கூப்பிட்டு அறிவுரை சொன்னால் இன்னும் ஒதுங்கிவிடுவாள் என்று தோன்றியது. அதனால் வகுப்பு முழுமைக்கும் நான்கு பாடவேளைகளில் ஒரு வாழ்க்கை வரலாற்றைப் பாடமாக நடத்தினேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை லூசியா ஹாரிஸின் வாழ்க்கை அது. அந்தப் பாடம் நடந்த விதத்தையும் அதிலிருந்து நான் கற்றதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடவேளை: பருத்திக் காட்டிலிருந்து

உலக வரைபடத்தில் மிசிசிப்பி ஆற்றைக் காட்டித் தொடங்கினேன். அந்த ஆற்றின் பெயரையே கொண்ட மாநிலத்தில், மின்டர் சிட்டி என்னும் சிற்றூரில் 1955 பிப்ரவரி 10 அன்று லூசியா பிறந்தார். பதினொரு குழந்தைகளில் பத்தாமவர். கறுப்பினக் குடும்பம். பெற்றோர் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். லூசியாவும் பருத்தி எடுத்து வளர்ந்தவர். பருத்திக் காயின் ஓடு விரலைக் கீறிய அனுபவம் என் வகுப்பில் பலருக்கு உண்டு. அந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

வீட்டருகே அண்ணன்களும் அக்காக்களும் பந்து விளையாடுவார்கள். லூசியாவும் சேர்ந்துகொள்வார். இரவில் அம்மா படுக்கச் சொன்ன பிறகு, வெளிச்சம் தெரியாமல் போர்வையால் மறைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஆட்டங்களைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்த வீரர் ஆஸ்கர் ராபர்ட்சன். "நாங்களும் போர்வைக்குள்ள செல்போன் பார்ப்போம் மிஸ்" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அந்தச் செய்திக்கு வந்தேன். லூசியா ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்தார். பள்ளியில் அவருடைய உயரத்தைச் சொல்லியே கேலி செய்தார்கள். உயரத்தைத் தவிர இவளிடம் வேறு எதுவுமில்லை என்றார்கள். கிரீன்வுட் நகரிலுள்ள அமாண்டா எல்சி உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணி இருந்தது. கேலிக்குக் காரணமான அதே உயரத்துக்கு அந்த ஆடுகளத்தில் ஒரு வேலை இருந்தது. அணியின் தலைவியாகவும் ஆனார். நான் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொல்லி முடித்தேன். அன்று அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

இரண்டாம் பாடவேளை: எரிக்கப்பட்ட சீருடைகள்

கூடைப்பந்து ஆட்டத்தை 1891-இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அடுத்த ஆண்டே அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த செண்டா பெரன்சனும் உடற்கல்வி ஆசிரியைதான். ஆட்டம் பிறந்த உடனேயே பெண்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். பிறகு எங்கே தடைபட்டது? இந்தக் கேள்வியோடு கரும்பலகையில் மூன்று ஆண்டுகளை எழுதினேன்: 1932, 1972, 1973.

மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் 1930-களின் தொடக்கத்தில் மார்கரெட் வேட் என்ற மாணவி கூடைப்பந்து ஆடினார். இளம்பெண்களுக்கு இந்த ஆட்டம் மிகக் கடினமானது என்று சொல்லி 1932-இல் கல்லூரி பெண்கள் அணியைக் கலைத்துவிட்டது. வீராங்கனைகள் அழுதார்கள். தங்கள் சீருடைகளை எரித்து எதிர்ப்பைக் காட்டினார்கள்.

1972-இல் அமெரிக்காவில் ஒரு சட்டப் பிரிவு வந்தது. கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு அது. மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி ஒருவரை விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த வரிகளில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் விளையாட்டும் கல்வியின் பகுதிதான் என்பதால் கல்லூரிகள் பெண்கள் அணிகளைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதாயிற்று.

1973-இல் டெல்டா ஸ்டேட் பெண்கள் அணியை மீண்டும் தொடங்கியது. பயிற்சியாளராக வந்தவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அணியை இழந்த அதே மார்கரெட் வேட். அதே ஆண்டில் லூசியா பள்ளிப் படிப்பை முடித்தார். அவர் சேர நினைத்திருந்த வேறொரு கல்லூரியில் பெண்கள் அணி இல்லை. டெல்டா ஸ்டேட் அழைத்தது; போனார். அணியில் அவர் ஒருவரே கறுப்பின வீராங்கனை.

மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "1932-க்கும் 1973-க்கும் இடையில் அந்தக் கல்லூரியில் படித்த பெண்களில் நன்றாக ஆடக்கூடியவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டாரா?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "இருந்திருப்பாங்க மிஸ், நமக்குப் பேர் தெரியாது" என்றாள் முதல் வரிசை மாணவி. அன்றைய பாடத்தின் கற்றல் விளைவாக நான் எழுதி வைத்திருந்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

மூன்றாம் பாடவேளை: எண்கள் பேசட்டும்

இந்தப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரோடு சேர்ந்து நடத்தினேன். கரும்பலகையில் எழுதிய விவரங்கள் இவை: லூசியா ஆடிய காலத்தில் டெல்டா ஸ்டேட் 109 ஆட்டங்களில் வென்றது, 6-இல் தோற்றது. அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 2,981. பிடித்த ரீபவுண்டுகள் 1,662.

ஓர் ஆட்டத்துக்குச் சராசரி என்ன? குழுக்களாகப் பிரிந்து வகுத்தார்கள். மொத்த ஆட்டங்கள் 115 என்று முதலில் கூட்டிக்கொள்ள வேண்டும்; அதை மறந்து 109-ஆல் வகுத்த குழுவும் உண்டு. சரியான விடை 25.9 புள்ளிகள், 14.5 ரீபவுண்டுகள். வெற்றி விழுக்காடு ஏறத்தாழ 95. சராசரியும் விழுக்காடும் இவ்வளவு ஆர்வமாகப் போடப்பட்டதை நான் பார்த்ததில்லை என்றார் கணக்கு ஆசிரியர்.

1975, 1976, 1977 என மூன்று ஆண்டுகளும் டெல்டா ஸ்டேட் தேசியப் பட்டம் வென்றது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் பட்டம் வென்றிருந்த இம்மாக்குலாட்டா கல்லூரியை 1975 இறுதிப் போட்டியில் 90-81 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்தில் லூசியா எடுத்தது 32 புள்ளிகள்.

1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள் கூடைப்பந்து 1936-லேயே இடம்பெற்றுவிட்டது. நடுவில் நாற்பது ஆண்டுகள். தொடக்க ஆட்டத்தில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதின. ஒலிம்பிக் பெண்கள் கூடைப்பந்து வரலாற்றின் முதல் புள்ளிகளை எடுத்தவர் லூசியா ஹாரிஸ். ஆனால் அந்த ஆட்டத்தில் அமெரிக்கா 84-71 என்று தோற்றது. பிறகு மீண்டு வந்து வெள்ளிப் பதக்கம் வென்றது. முதல் நாள் தோற்றவர்களும் பதக்க மேடை ஏறலாம் என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

பின்பு மைதானத்துக்குப் போனோம். ரீபவுண்ட் என்பது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது. இதற்கு உயரம் உதவும். ஆனால் உயரம் மட்டும் போதாது. பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கணிக்க வேண்டும். எதிராளியை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, முழங்காலை மடக்கி, கால்களை அகட்டி இடத்தைப் பிடிக்க வேண்டும். குட்டையான ஒரு மாணவி சரியாக இடம்பிடித்து, தன்னைவிட உயரமானவனுக்கு முன்னால் பந்தைப் பிடித்தபோது பெரிய ஆரவாரம். உயரம் என்பது கேலிக்கும் புகழ்ச்சிக்கும் உரியதாக இல்லாமல், கால் வைக்கும் முறைபோல ஒரு கருவியாக மட்டும் அன்று மாறியது. வேப்பமரத்தடி மாணவியிடம் புள்ளிப் பட்டியல் எழுதும் வேலையைக் கொடுத்திருந்தேன். யார் எத்தனை ரீபவுண்ட் பிடித்தார்கள் என்று ஒன்றுகூட விடாமல் குறித்திருந்தாள்.

நான்காம் பாடவேளை: கைதட்டல் ஓய்ந்த பிறகு

வாழ்க்கை வரலாறு என்றால் வெற்றியோடு நிறுத்திவிடுவதே நம் வழக்கம். இந்த முறை நிறுத்தவில்லை.

1977-இல் ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் வீரர் தேர்வில், ஏழாம் சுற்றில், நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி லூசியாவின் பெயரை அறிவித்தது. உலகமே வியந்தது. அவர் போகவில்லை. அப்போது அவர் கருவுற்றிருந்தார். போயிருக்க வேண்டுமா என்று விவாதம் வைத்தேன். "போயிருந்தா வரலாறு" என்றது ஒரு பக்கம். "அது அவங்க முடிவு" என்றது மறுபக்கம். பிற்காலத்தில் கேட்டபோது, அதற்காக வருந்தவில்லை என்றே லூசியா சொல்லியிருக்கிறார்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது. அவர் உச்சத்தில் இருந்தபோது அவருடைய நாட்டில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறைத் தொடரே இல்லை. 1978-இல் ஒன்று தொடங்கியது. அதில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணிக்காக 1979-80 பருவத்தில் மட்டும் ஆடினார். அந்தத் தொடரும் 1981-இல் நின்றுபோனது. இன்று நாம் அறிந்த பெண்கள் தொடரின் ஆட்டங்கள் 1997-இல்தான் தொடங்கின. அப்போது லூசியாவுக்கு வயது 42.

இருமுனை மனநிலைக் கோளாறு என்னும் நோயும் அவரை வாட்டியது. "பைத்தியமா மிஸ்?" என்று ஒரு மாணவன் கேட்டான். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பதுபோல இதற்கும் மருந்தும் சிகிச்சையும் உண்டு என்றும், அந்தச் சொல்லை நாம் யாருக்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் விளக்கினேன். லூசியா அதை மறைக்கவில்லை, வெளிப்படையாகப் பேசினார். கல்வியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். தாம் படித்த அமாண்டா எல்சி பள்ளிக்கே திரும்பி வந்து ஆசிரியையாகவும் பயிற்சியாளராகவும் பணிபுரிந்தார். நான்கு பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தார்.

1992-இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பின வீராங்கனை அவர். அந்த விழாவில் அவரை முன்மொழிந்து உடன் நின்றவர் யார் தெரியுமா என்று கேட்டேன். முதல் வகுப்பில் சொன்ன பெயரை நினைவில் வைத்திருந்து, "ஆஸ்கர் ராபர்ட்சன்!" என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன.

லூசியா 2022 ஜனவரி 18 அன்று காலமானார். அவரைப் பற்றிப் பென் ப்ரௌட்ஃபுட் இயக்கிய 'கூடைப்பந்தின் அரசி' என்ற குறும்படம் அதே ஆண்டு மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றது. இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக ஓடும் அந்தப் படத்தின் சில பகுதிகளை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் காட்டினேன். ஆங்கிலம் முழுவதும் புரியவில்லை. ஆனால் தம் கதையைத் தாமே சொல்லிச் சிரிக்கும் அந்த அம்மாவின் முகம் எல்லாருக்கும் புரிந்தது.

ஒரு கேள்வி

வகுப்பு கலைந்த பிறகு அந்த மாணவி நின்றாள். "மிஸ், அவங்க ஸ்கூல்ல டீமே இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருப்பாங்க?"

பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. ஏனென்றால் அது எங்கள் பள்ளியைப் பற்றிய கேள்வியும்கூட. எங்களிடம் அணி இருந்தது. ஆனால் மாலை வேளைகளில் ஆடுகளம் பெரும்பாலும் பையன்களிடம். தேர்வு நெருங்கினால் விளையாட்டுப் பாடவேளையை வேறு பாடங்களுக்கு விட்டுக்கொடுத்தவளும் நானே.

அடுத்த வாரம் மாணவிகளிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில், விளையாட வராததற்குக் காரணம் எழுதச் சொன்னேன். உடை, மாதவிடாய் நாள்கள், மாலையில் பேருந்து தவறிவிடும் என்ற பயம், கேலி, இடமில்லை என்ற காரணங்களே திரும்பத் திரும்ப வந்தன. ஆர்வமில்லை என்று எழுதியவர்கள் மிகச் சிலர். தலைமையாசிரியரிடம் பேசினோம். வாரத்தில் இரண்டு நாள்கள் ஆடுகளம் மாணவிகளுக்கு மட்டும் என்றானது. பயிற்சியைக் காலைக்கு மாற்றினோம். விளையாட்டு உடை வாங்க முடியாதவர்கள் வசதியான சுடிதாரில் பயிற்சிக்கு வரலாம் என்றோம். பதின்மூன்று பேர் வரத் தொடங்கினார்கள். பதின்மூன்றாவதாக வந்தவள் அவள்.

குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் தன் நோட்டைக் காட்டினாள். தான் பிடித்த ரீபவுண்டுகளை எண்ணி எழுதி வைத்திருந்தாள்: ஏழு. "அடுத்த வருசம் பத்து மிஸ்" என்றாள்.

இப்பாடத்தை நடத்த விரும்புவோருக்கு

• ஒரு மாணவருக்காகத் திட்டமிட்டாலும் வகுப்பு முழுமைக்கும் நடத்துங்கள். யாரையும் சுட்டிக் காட்ட வேண்டாம்.
• உடல் தோற்றத்தைப் பாராட்டுவதாக நினைத்துக்கூட எல்லார் முன்னும் பேசாதீர்கள். நான் செய்த தவறு அதுதான்.
• கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சராசரி, காலக்கோடு, வரைபடம் மூன்றும் இயல்பாகவே பொருந்தும்.
• வெற்றியோடு கதையை முடிக்காதீர்கள். நோய், வேலை, குடும்பம் ஆகியவற்றையும் சொல்லுங்கள்.
• மாணவிகள் ஏன் வரவில்லை என்பதை நாமே ஊகிக்காமல் அவர்களிடமே கேளுங்கள்.
• விளையாட்டுப் பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள்.